ஏட்டை இழந்தோம்; எழுத்தையும் இழப்போமா?

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கணம் பேச வேண்டிய இவன் இன்று வலைப்பூவைப் பற்றிப் பேச வந்திருக்கின்றானே என்று உங்களுள் சிலர் வியக்கக் கூடும். வியப்பிற்கு இதில் இடமில்லை. எழுதிய தமிழைக் காப்பது தமிழாசிரியன் கடமை. அஃது ஓலையில் இருந்தால் என்ன, தாளில் இருந்தால் என்ன, மின்திரையில் இருந்தால் என்ன?

நாம் இழந்தவற்றை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை முழுமையாகக் கிடைத்தில. வளையாபதியும் குண்டலகேசியும் சிதறிய சில பாடல்களாகவே எஞ்சின. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றிய சி.வை. தாமோதரனாரும், 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதரும் ஊர் ஊராய் ஏடு தேடிய உழைப்பினாற்றான் எஞ்சியவையேனும் நம் கைக்கு வந்தன. போனவை ஏன் போயின? படி எடுத்து வைப்பார் இல்லாமையால் போயின. ஓரிடத்தில் ஒரே ஏடாக இருந்தது, செல்லரித்த அன்றே உலகை விட்டு மறைந்தது.

அது பழங்காலம் என்பீர்களாயின், 1981ஆம் ஆண்டை நினைவுகூர்க. மேத் திங்கள் முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. அச்சு நூலை மீண்டும் வாங்கலாம். படியில்லா ஏட்டை எங்கே வாங்குவது? அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

இனி, இற்றை நிலைக்கு வருவோம். 1999இல் தோன்றி 2003இல் கூகுள் கைக்குச் சென்ற பிளாகர் என்னும் இடமும், 2005இல் தொடங்கிய வேர்டுபிரசு.காம் என்னும் இடமும், அச்சகத்திற்குக் கொடுக்கக் காசில்லாத தமிழனுக்கும் ஒரு பதிப்பகத்தைக் கையில் கொடுத்தன. 2003 தொடங்கித் தமிழில் வலைப்பூக்கள் மலர்ந்தன. நாம் எழுதும் தனித்தமிழ்ச் சொல்லை வெட்டி வடசொல்லை ஒட்டவைக்கும் இதழாசிரியர் அங்கில்லை. வேர்ச்சொல் ஆய்வும், ஊர்ப்பெயர் ஆய்வும், கலைச்சொல்லாக்கமும் அங்கே குவிந்தன. இது பெருநன்மையே, மறுப்பார் இலர்.

ஆனால், ஒன்று கேட்கின்றேன். அந்த மனை யாருடையது? நாம் எழுப்பிய வீடு பிறர் மனையில் நிற்கின்றது. குடிக்கூலி கேளாமல் இடந்தந்தவர், ஒருநாள் மனையை மூடுவதாக அறிவித்தால் நாம் என் செய்வோம்? இது வெற்றச்சமன்று. 1994இல் தொடங்கி உலகெங்கும் இலக்கக் கணக்கானோர் பக்கம் அமைத்திருந்த சியோசிட்டீசு என்னும் இடம் 2009 அக்தோபரில் மூடப்பட்டது. போசுட்டரசு 2013 ஏப்பிரலில் மூடப்பட்டது. டைப்பேடு 2025 செப்டம்பரில் மூடப்பட்டது. நாள் குறித்து அறிவித்துவிட்டே மூடினர். அறிவிப்பைக் கண்டு தம் எழுத்தைப் பெயர்த்துக்கொண்டோர் பிழைத்தனர், காணாதோர் இழந்தனர்.

அயலார் செய்தி நமக்கெதற்கு என்பார்க்கு, நம் மண்ணில் நிகழ்ந்ததையே சொல்கின்றேன். 2012 முதல் இந்தியாவிலிருந்து பார்ப்போர்க்கு, பிளாகுசுபாட்டு முகவரியின் ஈறு 'காம்' என்பதிலிருந்து 'இன்' எனத் தானே மாறித் தோன்றியது. நம்மவர் அதனையே முகவரி என்று நம்பிக் கட்டுரைகளிலும் நூல்களின் அடிக்குறிப்புகளிலும் எழுதி வைத்தனர். 2018இல் அம்மாற்றம் கைவிடப்பட்டது. 2020இல் அந்த 'இன்' முகவரியே கூகுளின் கையை விட்டு அயலார் கைக்குப் போயிற்று. அன்றோடு அந்த இணைப்புகள் அனைத்தும் அறுந்தன. எழுத்து அழியவில்லை, 'காம்' முகவரியில் இருந்தபடியே இருந்தது. ஆயினும் அறியாதார் பலர், 'ஐயா, என் வலைப்பூ தொலைந்தது' என்று கைவிட்டனர். ஈற்றை மாற்றி எழுதினாலே திறந்திருக்கும்! பழைய இணைப்பு திறவாவிடின் முதலில் இதனைச் செய்து பாருங்கள்.

இதனினும் நெஞ்சை வருத்துவது ஒன்று உண்டு. எனக்கு மூத்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஏர், கவலை, தறி, பரிசல் என உழைக்கும் மக்கள் வாயில் வழங்கும் சொற்களை ஊர் ஊராய்ச் சென்று முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, ஒன்பதாண்டு வலைப்பூவில் எழுதி வந்தார். அவர் மறைந்தார். கடவுச்சொல் அவரோடு போயிற்று. அவர் கைப்பேசி எண்ணை வீட்டார் புதுப்பிக்கவில்லை. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட எண், தொண்ணூறு நாள் கழிந்தபின் வேறொருவர்க்கு வழங்கப்படலாம் என்பதை அவர்கள் அறியார். அவர் மகளார் கணக்கை மீட்க முயன்றபொழுது, சரிபார்ப்பு எண் முன்பின் அறியாத ஒருவர் கைப்பேசிக்குச் சென்றது! அவ்வளவுதான்; கதவடைத்தது.

எழுத்து திரையில் தெரிகின்றது, திருத்த இயலாது. மறுமொழிப் பகுதியில் சூதாட்ட விளம்பரக் குப்பை சேர்கின்றது, அகற்ற இயலாது. ஒரு கோடை விடுமுறையில் மாணவர் அறுவரும் யானும் அமர்ந்து, 312 பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படியெடுத்தோம். ஏடு பெயர்த்தெழுதியவர்களின் முதுகுவலியை அன்றுதான் உணர்ந்தேன். அவர் உயிரோடிருந்தபொழுது ஒரு கால்மணிப் பொழுதில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

ஆகவே, செய்ய வேண்டியவற்றை வகைப்படுத்திச் சொல்கின்றேன்.

முதலாவது, திறவுகோல் காத்தல். கடவுச்சொல் நீளமாக இருத்தல் வேண்டும். வேறெங்கும் வழங்காததாக இருத்தல் வேண்டும். நம்மவருள் பலர் திருக்குறளின் முதற்சீரையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். பற்றுப் பாராட்டத்தக்கது, பூட்டு பாராட்டத்தக்கதன்று. தமிழன் கணக்கைத் திருட வருபவன் முதலில் அடித்துப் பார்ப்பது அதுவாகத்தானே இருக்கும்? நுங்கு, ஏணி, வியாழன், கொட்டாங்கச்சி என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை நீங்களே தெரிந்து, ஆங்கில எழுத்தில் அடித்துக் கோத்து வையுங்கள். சொல்லிவிட்டேன் என்பதற்காக இந்த நான்கையே வைத்துவிடாதீர்கள்!

அதன்மேல் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமையுங்கள். கடவுச்சொல் களவு போயினும், கைப்பேசியின் ஒப்புதல் இன்றி உள்ளே நுழைவது எளிதன்று. அங்ஙனம் அமைக்கும்பொழுது கூகுள் பத்து மாற்று எண்களைத் தரும். அவற்றைத் தாளில் எழுதி, வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். கைப்பேசி தொலைந்த நாளில் அந்தத் தாளே உங்கள் வாயில். கைப்பேசி எண்ணை மாற்றினால், அன்றே கணக்கிலும் மாற்றிவிடுங்கள்.

'உங்கள் வலைப்பூ நீக்கப்படப் போகின்றது. உடனே இங்கே அழுத்திக் கடவுச்சொல்லைத் தருக' என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். விரைவுபடுத்துகின்றவன் திருடன் என்றே கொள்க. அந்த இணைப்பைத் தொடாமல், நீங்களே முகவரியை அடித்து உள்ளே சென்று பாருங்கள். உண்மையாயின் அங்கும் அவ்வறிவிப்பு இருக்கும்.

இரண்டாவது, ஒருவரைத் துணை சேர்த்தல். பிளாகரிலும் வேர்டுபிரசிலும் வலைப்பூவின் ஆளுமை உரிமையை மற்றொருவர்க்கும் வழங்கலாம். நம்பத்தக்க மாணவர் ஒருவரையோ மகனையோ மகளையோ அவ்வாறு அமர்த்துங்கள். மேலும், கணக்கிற்குள் புகாமல் குறித்த காலம் கடந்தால், நாம் பெயர் கொடுத்தவர்க்கு நம் எழுத்தைச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு கூகுளில் 2013 முதல் உண்டு. ஈராண்டு ஆளாப்படாத தனியாள் கணக்கை அழிக்கலாம் என்னும் நெறியை அந்நிறுவனம் 2023 திசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. எனவே, எழுதாவிடினும் திங்களுக்கொரு முறை உள்ளே சென்று வாருங்கள்.

மூன்றாவது, படியெடுத்தல். என் உரையின் உயிர் இதுவே. வலைப்பூவின் அமைப்புப் பகுதியில், பதிவுகளையும் மறுமொழிகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழியுண்டு. திங்களுக்கொரு முறை இறக்குங்கள். ஆயினும் ஒன்று நினைவிருக்கட்டும்: அக்கோப்பில் படங்கள் இரா, படங்கள் இருக்கும் முகவரியே இருக்கும். கல்வெட்டுப் படமோ ஓலைப் படமோ இட்டிருப்பின், அவற்றைத் தனியே காத்து வையுங்கள். பக்கத்தின் வார்ப்புருவையும் தனியே இறக்குங்கள். ஒரு படி கணினியில்; ஒரு படி தனி வட்டில்; ஒரு படி வேற்றூரில் உள்ள நண்பர் வீட்டில். நெருப்பும் வெள்ளமும் ஓரூரைத்தான் ஒருங்கே அழிக்கும். இறக்கிய கோப்பை ஒருமுறை திறந்தும் பாருங்கள். திறவாத கோப்பு படியன்று. தலையாய கட்டுரைகளைத் தாளிலும் அச்சிட்டு, ஊர் நூலகத்திற்கு ஒன்று கொடுங்கள். 1996இல் தோன்றிய இணைய ஆவணகம் என்னும் அமெரிக்க நிறுவனம், கொடுக்கும் பக்கங்களைப் படியெடுத்து வைக்கின்றது. அங்கும் உங்கள் முகவரியைக் கொடுத்து வைக்கலாம்.

எழுதும்பொழுதே முதற்படியைக் கணினியில் எழுதுங்கள். பிறகு வலைப்பூவில் இடுங்கள். மின் நின்று போனாலும், இணைப்பு அறுந்தாலும், இரவெல்லாம் எழுதியது போகாது.

நான்காவது, பழுது நேர்ந்தால் பதறாமை. வலைப்பூ திறக்கவில்லையா? வேறு உலாவியிலும் வேறு கைப்பேசியிலும் பாருங்கள். வெளியூர் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்க்குத் திறந்தால் பழுது உங்கள் கருவியில். அவர்க்கும் திறவாவிடின் பழுது வலைப்பூவில். இந்த ஒரு பிரிப்பே பாதி மருத்துவம்.

திறந்த பக்கம் தானே வேறெங்கோ இழுத்துச் செல்கின்றதா? முன்னாளில் திரட்டிகள் பல, தத்தம் வாக்குப் பட்டைக்கான நிரல்துணுக்கை நம் வார்ப்புருவில் ஒட்டச் சொல்லின. அத்திரட்டிகள் மறைந்தன, துணுக்குகள் மறையவில்லை. காலாவதியான அவ்வகை முகவரியை எவனோ வாங்கினால், நம் வாசகர் அவன் கடைக்கு இழுக்கப்படுவர். வார்ப்புருவைப் படியெடுத்து வைத்துவிட்டு, ஒட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதனை நீக்கியபின் நோய் நிற்கின்றதோ, அதுவே நோய் முதல். வேண்டாத ஒட்டு ஒன்றும் இல்லாத வலைப்பூவே நலமுள்ள வலைப்பூ.

எழுத்து புரியாக் குறிகளாகத் தெரிகின்றதா? அது பழைய குறிமுறை. திசுக்கி என ஒன்று. 1999 சென்னை மாநாட்டின் பின் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் என இரண்டு. இவ்வாறு பல வழங்கின. 2010இல் அரசும் ஒருங்குறியை ஏற்றது. எழுத்து அழிந்ததென்று எறிந்துவிடாமல், குறிமுறை மாற்றியில் இட்டு ஒருங்குறிக்குக் கொண்டு வாருங்கள். மூலக்கோப்பையும் உடன் வையுங்கள். மாற்றத்தில் ஒற்றும் கொம்பும் இடம் மாறுவதுண்டு. மெய்ப்புப் பார்க்க அது வேண்டும்.

தோழர்களே! இவற்றுள் எதற்கும் பொருட்செலவு பெரிதில்லை. பொறியியற் பட்டமும் வேண்டா. வேண்டுவது, நம் எழுத்து நம் காலத்திற்குப் பின்னும் வாழ வேண்டும் என்னும் எண்ணம் ஒன்றே. மேடையில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு, தான் எழுதிய தமிழை ஒரே இடத்தில் ஒரே படியாக விட்டு வைப்பவன், ஏட்டைச் செல்லுக்குக் கொடுத்தவனினும் எவ்வகையில் மேலானவன்?

இன்றிரவு வீடு திரும்பியதும் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் எழுத்தைக் கோப்பாக இறக்குங்கள். மாற்று எண்களைத் தாளில் எழுதுங்கள். அத்தாள் இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவர்க்குச் சொல்லுங்கள். என் நண்பரின் மகளார் அன்று கண்ணீரோடு தேடியது அந்த ஒரு தாளைத்தான்.

நம் முன்னோர் விட்ட பிழையை நாம் விடாதிருப்போம். 

வெல்க தமிழ்!