கம்ப்யூட்டரும் நம் குழுப் பெட்டிதான்

(பாலசமுத்திரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், ஊக்குநர்களிடமும் கணக்கு எழுதும் சகோதரிகளிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது கடனைப் பற்றி இல்லை, வட்டியைப் பற்றியும் இல்லை. கடன் கேட்கும்போது நீட்ட வேண்டிய காகிதம் எங்கே இருக்கு என்பதைப் பற்றி.

பதிவேடு நமக்குப் புதுசா? 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தபோதும், 1997-98இல் மகளிர் திட்டமாக மற்ற மாவட்டங்களுக்கு விரிந்தபோதும், முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று கணக்கு எழுதுவது. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு என்று பஞ்சசூத்திரத்தை ஒப்பிக்காத குழு உண்டா? தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காப்பாற்றினோம்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2015இல் நபார்டு வங்கி 'இ-சக்தி' என்ற பெயரில் குழுக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையைத் தொடங்கியது. ஆனால் அப்படி ஏற்றியது போக மீதி எத்தனையோ இருக்கு. தீர்மான நகல், வங்கிக் கடிதம், தணிக்கை அறிக்கை, பொருள் வாங்கிய ரசீது, பயிற்சிப் படம் எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ, நம் பிள்ளைக்கு அரசு கொடுத்த லேப்டாப்பிலோ கிடக்கிறது.

திறந்து பார்த்தால் என்ன தெரியும்? 'புதிய ஃபோல்டர்', 'புதிய ஃபோல்டர் 2', 'ஸ்கேன் 001', 'கடைசி', 'கடைசி புதுசு'. இதில் எது சரியானது? டைப் அடித்த பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போய்விட்டால் யாரைக் கேட்பது? ஆயக்குடிச் சந்தைக்குக் கொய்யா கொண்டுபோகிறவர்கள் காயையும் பழத்தையும் அடிபட்டதையும் ஒரே கூடையில் கொட்டுவார்களா? நம் கோப்புகளை மட்டும் அப்படித்தான் கொட்டி வைத்திருக்கிறோம்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு உறுப்பினர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். அவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருந்தார், வருஷத்துக்கு 436 ரூபாய் அவர் கணக்கில் பிடித்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வர வேண்டும். வீட்டில் பாஸ்புக்கைக் காணோம், எந்த வங்கி என்றே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அதன் நகல் நம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வோம்?

அதனால் சில வேலைகளை வரிசையாகச் செய்வோம்.

முதலில் நகல் எடுங்கள். ஒன்றையும் அழிக்கும் முன்னே எல்லாவற்றையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ ஏற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் அழித்தது பொதுவாக 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைக் கூடையில் கிடக்கும், திரும்ப எடுக்கலாம். பென் டிரைவில் அழித்தது அந்தக் கூடைக்கு வராது, போனது போனதுதான்.

இரண்டாவது, டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். முகப்புத் திரையில் தெரிவதெல்லாம் பெரும்பாலும் 'சி' டிரைவில்தான் இருக்கும். ரிப்பேருக்குக் கொடுத்து, 'சி' டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி போட்டால் அத்தனையும் போச்சு. 'டி' டிரைவ் இருந்தால் அதில் வையுங்கள்.

மூன்றாவது, ஐந்தே ஃபோல்டர் போதும். 1 தீர்மானம், 2 கணக்கு, 3 வங்கி, 4 உறுப்பினர், 5 படங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் நிதியாண்டு: 2023-24, 2024-25 என்று. அதற்கும் உள்ளே பத்து அடுக்கு வேண்டாம். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் தேடுகிறவருக்குத்தான் கஷ்டம்.

நான்காவது, பெயரில் தேதி வையுங்கள். வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் எழுத வேண்டும். '2024-08-15 கடன் தீர்மானம்' என்று எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கும். தேதியை முன்னால் எழுதினால் எல்லா மாதத்து 15ஆம் தேதியும் ஒன்றாய்க் கலந்துவிடும். நடுவில் சாய்கோடு போட்டால் கோப்பின் பெயராக விண்டோஸ் ஏற்காது, சின்னக் கோடுதான் போட வேண்டும்.

ஐந்தாவது, கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு பேர் அனுப்பிய ஒரே போட்டோ நாலு தடவை எதற்கு? நல்லதாக ஒன்று போதும். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாததை 'கேட்க வேண்டியது' என்ற ஃபோல்டரில் போட்டு, மாதக் கூட்டத்தில் கேளுங்கள். கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் தீர்மானம் போடாமல் அழிக்க வேண்டாம்.

ஆதார் நகல் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால், அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதையும், அதன் குப்பைக் கூடையில் இருப்பதையும் அழித்துவிட்டு வரவேண்டும். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அது ஏற்கப்படும் இடத்தில் அதையே கொடுங்கள்.

ஆறாவது, பழைய தமிழ்க் கோப்புகள். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த தீர்மானத்தை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் கிறுக்கலாகத் தெரியும். கெட்டுப்போச்சு என்று அழித்துவிடாதீர்கள், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மாற்றி, சரிபார்த்து, பிறகு சேமியுங்கள்.

ஏழாவது, நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். அமெரிக்காவில் பிக்சார் என்ற பெரிய படக் கம்பெனியில் 1998இல் ஒரு சம்பவம். 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறுதலாக அழிந்துபோனது. நகலைத் தேடினால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற பெண் அதிகாரியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதை வைத்துத்தான் படத்தை மீட்டார்கள், 1999இல் வெளியிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கைகொடுத்தது ஒரு தாயின் வீட்டில் இருந்த நகல். அப்படியானால் நமக்கு? ஆபீஸில் ஒன்று, வேறொரு பொறுப்பாளர் வீட்டுப் பீரோவில் ஒன்று. மாதம் ஒருமுறை புதுப்பித்து, திறக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று சகோதரிகளே. இந்த ஒழுங்கு ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அது ஒழுங்கே இல்லை. எந்த ஃபோல்டரில் என்ன இருக்கு என்று ஒரு தாளில் எழுதி, தீர்மானப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டுங்கள். குழுவுக்கு மூன்று பேராவது கோப்பைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும், "என் கடன் கணக்கைக் காட்டு தாயி" என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் காட்ட வேண்டும். அது அவர் பணம், அவர் உரிமை. எங்கே இருக்கு என்று ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், மற்றவர்கள் அவர் தயவில்தான் இருக்க வேண்டும். குழு ஆரம்பித்தது அதற்கா?

அடுத்த மாதக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குவோம். முதலில் 'உறுப்பினர்' ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் பாஸ்புக் நகலும் இருக்கிறதா, நாமினி பெயர் சரியா என்று அவரவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்போம். மற்ற நாலும் அடுத்தடுத்த மாதங்களில் தானாக முடியும்.