எண்ணும் முறையும்: மரபணுச் சோதனையும் தமிழ் உறவுச் சொற்களும்



மொழியியல் பயின்றவனுக்கு மரபணுச் சோதனையில் என்ன வேலை என்று, இவ்வுரையின் தலைப்பைக் கண்ட நண்பர்கள் சிலர் கேட்டனர். அதற்கான விடை ஒரு தாளில் தொடங்குகிறது.

என்னிடம் முன்பு பயின்று இப்போது தமிழாசிரியையாகப் பணியாற்றும் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் அத்தாளைக் கொண்டுவந்தார். உமிழ்நீரைச் சிறு குழாயில் இட்டு ஒரு நிறுவனத்திற்கு அனுப்பியிருந்தார். கனடாவில் வாழும் ஒருவருக்கும் அவருக்கும் 452 சென்டிமார்கன் அளவு மரபணு பொதுவாக உள்ளது என்று முடிவு வந்திருந்தது. அவர் பெற்றோருள் ஒருவருக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பாக இருக்கலாம். அல்லது தாத்தா பாட்டியருள் ஒருவர் மட்டுமே இருவருக்கும் பொதுவாக இருக்கலாம் என்று நிறுவனம் கணித்திருந்தது. அவரோ ஏறத்தாழ ஆசிரியையின் வயதினர். எனவே முதற்கணிப்பு பொருந்தவில்லை. இரண்டாவது மட்டுமே எஞ்சியது. “அப்படியானால் என் தாத்தாவுக்கு வேறொரு குடும்பம் இருந்ததா ஐயா?” என்று கேட்டார். அக்கேள்வியால் அவர் தாயார் இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

இத்தகைய சோதனைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை முதலில் காண்போம். இருவருடைய மரபணுவில் ஒரே முன்னோரிடமிருந்து வந்த துண்டுகளைக் கணினி தேடுகிறது. அவற்றின் நீளத்தைக் கூட்டிச் சென்டிமார்கன் என்னும் அலகில் தருகிறது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் அது சுமார் 3,400. உடன்பிறந்தோரிடையே சுமார் 2,600. ஒன்றுவிட்ட உடன்பிறப்பினரிடையே சராசரியாக 870ஐ ஒட்டியது. இரண்டுவிட்டவரிடையே சராசரியாக 230ஐ ஒட்டியது. இவை சராசரிகளே, மெய்யான அளவு பெரிதும் கூடலாம், குறையலாம். நான்குவிட்ட உறவினருள் ஏறத்தாழ பாதிப் பேரிடம் பொதுத்துண்டு எதுவும் அகப்படாது. ஆகவே ஒருவர் பட்டியலில் இல்லை என்பதால் அவர் உறவினர் அல்லர் என்று முடிவு கட்டிவிட முடியாது.

நிறுவனங்களை ஒப்பிடுவோர் முதலில் விலையைப் பார்க்கின்றனர். உறவினரைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது வேறு: அங்கே ஏற்கெனவே சோதனை செய்துகொண்டோர் யார்? ஒருவர் எங்கே பதிந்திருக்கிறாரோ அங்கேதான் அவரைக் கண்டுபிடிக்க முடியும். ஆன்செஸ்ட்ரி நிறுவனத்திடம் 25 மில்லியனுக்கு மேற்பட்டோரின் முடிவுகள் உள்ளன. ஆயினும் அவர்களுள் பெரும்பான்மையோர் வட அமெரிக்காவிலும் ஐரோப்பிய வழியினரிடையேயும் உள்ளனர். 2003இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட மைஹெரிட்டேஜ், 2016இல் சோதனைத் துறையில் இறங்கியது. நம் உறவினர் கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்திருந்தால் இவற்றில் அகப்பட வாய்ப்புண்டு. ஊரிலேயே வாழ்வோர் இத்தகைய சோதனைகளை அரிதாகவே செய்துகொள்கின்றனர். ஆகவே பெரிய நிறுவனம் என்பதாலேயே அது நமக்கு நல்ல நிறுவனம் ஆகிவிடாது.

இரண்டாவது கேள்வி, எந்த வழியைத் தேடுகிறோம் என்பது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ., பொதுச் சோதனையோடு, தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் ஒய் குரோமோசோமையும், தாயிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் மைட்டோகாண்ட்ரியாவையும் தனித்தனியே ஆராய்ந்து தருகிறது. நம் மொழியில் சொன்னால், முன்னது பங்காளி வழி. பின்னது தாய், தாயின் தாய் எனச் செல்லும் வழி. அத்தை, மச்சான், கொழுந்தி எனக் குறுக்கே கிளைக்கும் உறவுகளை இவ்விரண்டு மட்டும் காட்டமாட்டா. அவற்றிற்குப் பொதுச் சோதனையே தேவை.

மூன்றாவது கேள்வி கருவிகளைப் பற்றியது. பொதுத்துண்டு எந்தக் குரோமோசோமில் எவ்விடத்தில் உள்ளது என்று ஃபேமிலி ட்ரீயும் மைஹெரிட்டேஜும் காட்டுகின்றன. ஆன்செஸ்ட்ரி நெடுங்காலமாக அவ்வசதியை வழங்கவில்லை. வெவ்வேறு நிறுவனங்களில் சோதித்தவர்கள் தம் தரவைப் பதிவேற்றி ஒப்பிடும் இடமாக ஜெட்மேட்ச் விளங்குகிறது. ஒருவருடைய பெற்றோர் தமக்குள் இரத்த உறவினரா என்று கண்டறியும் கருவியும் அங்குண்டு. அக்கருவி நமக்கு ஏன் இன்றியமையாதது என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான்காவது கேள்வி காப்பைப் பற்றியது. 2018இல் கலிபோர்னியாவில் பல ஆண்டுகளாகத் தேடப்பட்ட ஒரு கொலையாளியைக் காவல் துறையினர் ஜெட்மேட்ச் வழியே அடையாளங்கண்டனர். அவர் அங்கே பதிந்திருக்கவில்லை, பதிந்திருந்தவர்கள் அவருடைய தூரத்து உறவினர். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் ஏறத்தாழ 6.9 மில்லியன் பயனர்களின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. மறைச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற இயலாது. மேலும் அது நம் ஒருவருடைய உடைமையன்று. உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. வயது வந்த மாணவர்கள்கூட வீட்டாரிடம் பேசிய பிறகே இதில் இறங்குதல் நன்று.

இனி, ஆசிரியை கொண்டுவந்த தாளுக்குத் திரும்புவோம். நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: “உங்கள் பெற்றோர் திருமணத்திற்கு முன்பே உறவினரா?” அவர் சிரித்துவிட்டார். “அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள்தானே ஐயா!” முடிச்சு அங்கேயே இருந்தது. உறவில் மணம் புரிவதை அரிதாகக் கொண்ட சமூகங்களை அடிப்படையாக வைத்தே இந்நிறுவனங்களின் கணிப்புகள் அமைந்துள்ளன. நம்மிடையே மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது முறையாகவே இருந்து வந்துள்ளது. அவ்வாறு மணந்தோரின் பிள்ளைகள் ஒரே உறவினரோடு இரண்டு வழிகளில் இணைகின்றனர், எண் இருமடங்காகிறது. இருமடங்கான எண்ணைக் கணினி நெருங்கிய உறவு என்று படித்துவிடுகிறது.

நாங்கள் இருவரும் அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டியைக் காணச் சென்றோம். தொண்ணூறு வயதைக் கடந்தவர். கனடாவில் இருப்பவருடைய தாத்தாவின் பெயரையும் ஊரையும் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது என் கொழுந்தன்டி! இவுக மூணு பேரு. அக்காளும் தம்பியும் கங்காணியோட பேராக்குக்கு வந்துட்டாக. கடைக்குட்டி ஊர்லயே நின்னுருச்சு. சப்பான்காரன் வந்தப்பறம் கடுதாசியே இல்ல. அந்தப் பயலோட அப்பன் உங்க ஆத்தாளுக்குத் தம்பி முறை; அவன் உனக்கு மாமன் மகன்டி” என்றார்.

அக்காள் என்று அவர் சொன்னது ஆசிரியையின் தந்தையைப் பெற்ற பாட்டியை. தம்பி என்றது தாயைப் பெற்ற தாத்தாவை. ஊரில் தங்கியவர் அவ்விருவருக்கும் இளையவர். ஆகவே அவருடைய பேரன் தந்தை வழியில் ஒருமுறையும், தாய் வழியில் மற்றொருமுறையும் ஆசிரியைக்கு இரண்டுவிட்ட உறவினர் ஆகிறார். 230ஐ இரண்டால் பெருக்கினால் 460. தாளில் இருந்த எண் 452. தாத்தாவின் மீது வந்த பழி நீங்கியது.

மொழியியல் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாயின் வழியே சென்றால், தாத்தாவின் தம்பி மகன் தாய்க்கு உடன்பிறந்தான் முறை. எனவே நமக்கு மாமன். தந்தையின் வழியே சென்றால், பாட்டியின் தம்பி மகன் தந்தைக்கு மைத்துனன் முறை. எனவே நமக்கு அவரும் மாமன். எண் இரண்டாகப் பெருகிய இடத்தில், இரண்டு வழிகளும் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன. உறவில் மணப்பதை உள்ளடக்கியே நம் உறவுச் சொற்கள் அமைந்திருக்கின்றன. 1871இல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் உலக உறவுமுறைகளைத் தொகுத்து வெளியிட்ட பெருநூலில் தமிழ் உறவுமுறைக்குச் சிறப்பிடம் தந்தார். சென்டிமார்கன் என்னும் அலகோ தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் மற்றோர் அமெரிக்கரின் பெயரைத் தாங்கியது. நம் உறவுகளை அறிய இரண்டு மார்கன்களும் தேவைப்படுகின்றனர்.

மலாயாவுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தனர். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை அது தொடர்ந்தது. ஆகவே இரட்டை உறவு இந்நாட்டில் பலருக்கும் இருக்கக்கூடும். குடும்பப் பெயர் கொண்டு தேடும் வழியும் நமக்குப் பயன்படாது. தந்தையின் பெயரே நம் பெயரோடு வருவதால் தலைமுறைதோறும் அது மாறிவிடுகிறது.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘குடும்ப மரம்’ வரையும் பயிற்சியில் பெயர்களை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். மூத்தோரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரச் சொல்லுங்கள்: அவரை நீங்கள் எப்படி அழைத்தீர்கள்? அவர் உங்களை எப்படி அழைத்தார்? அவர் உங்களுக்கு எத்தனை வழியில் சொந்தம்? விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘கசின்’ என்று மாற்றிவிட வேண்டாம். அச்சொல்லில் பங்காளியும் மச்சானும் ஒன்றாகிவிடுவார்கள்.

நிறுவனத்தை அடுத்த ஆண்டும் தேர்ந்தெடுக்கலாம். உமிழ்நீரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். நாங்கள் கண்டுவந்த பாட்டி அடுத்த தைப்பொங்கலுக்கு முன் காலமானார். கனடாவிலிருந்து அந்த மாமன் மகன் தொலைபேசியில் அவரிடம் ஒருமுறை பேசியிருந்தார் என்பது எங்களுக்கு ஆறுதல். வீட்டில் இன்னும் பாட்டி இருக்கும் மாணவர்கள் இன்றிரவே கேட்கத் தொடங்குங்கள்.