ஐ.ஜி.ஐ. விளையாடிய காலம்
(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

துப்பாக்கி விளையாட்டைப் பற்றி இந்தத் தாத்தாவுக்கு என்ன தெரியும் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள்.

1993-ல் வந்த டூம் விளையாட்டில் அண்ணாந்து பார்க்கக்கூட முடியாது. சிவப்புச் சாவி, நீலச் சாவி என்று தேடியே அலைய வேண்டும். பிறகு திருவொற்றியூர் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் முண்டியடித்தது ஐ.ஜி.ஐ.க்கு. 2000-ல் நார்வேக்காரர்கள் செய்தது, மொத்தம் 14 மிஷன். பாதியில் சேவ் செய்ய வழியே கிடையாது. அரை மணி நேரம் வேலியோரம் பதுங்கிப் போய், கடைசியில் ஒரு குண்டு பட்டால் மறுபடி முதலிலிருந்து. கரண்ட் போனாலும் அதே கதி. வங்கியில் லெட்ஜர் கூட்டும்போது பத்து பைசா உதைத்தால் மேலிருந்து திரும்பக் கூட்டுவோமே, அந்த எரிச்சல்தான். டேலி ஆனதும் வருகிற சந்தோஷமும் அதேதான். என் மகன் ஒரு மிஷன் முடித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கக் கத்துவான்.

செல்போன் விளையாட்டை அடியோடு தடுக்கச் சொல்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. ஐ.ஜி.ஐ. நடுவில் காசு கேட்டதில்லை, 14-வது மிஷனோடு முடிந்தது. முடிவே இல்லாமல், துப்பாக்கிக்குச் சட்டை மாற்றக் காசு கேட்கிற விளையாட்டைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், சங்க அறையில் வைக்கலாம். யூ.பி.எஸ். என் செலவு.