கழித்தல் கணக்கில் ஒரு ஹோம் தியேட்டர்



ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயர் என்னவோ சாதாரண ஸ்டீரியோதான். எப்படி?

அமெரிக்கரான டேவிட் ஹாஃப்லர் 1970-களில் பரப்பிய முறை இது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் முனைகளை ஒன்றோடொன்று இணையுங்கள். பாசிட்டிவ் முனைகளை ஆம்ப்ளிஃபயரின் இடது, வலது பாசிட்டிவில் கொடுத்து, பின்பக்கம் வையுங்கள். அவ்வளவுதான்! இரு சேனலிலும் ஒன்றாக வரும் வசனம் கழிந்துபோகும். வேறுபடுகிற எதிரொலி, கைதட்டல், மழைச் சத்தம் பின்னால் கேட்கும். டால்பி ஸ்டீரியோவும் சரவுண்ட் ஒலியை இந்த வேறுபாட்டுக்குள்தான் வைத்தது. 1995-ல் வந்த 'குருதிப்புனல்' அந்த வகைப் படம்.

சரிபார்க்க மோனோ ஒலி எதையாவது வையுங்கள். பின் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய மௌனமாக வேண்டும். உரக்கப் பேசினால் வயரிங் தப்பு!

பின்னால் பாஸ் அதிகம் தேவையில்லை. 4 அங்குல ஸ்பீக்கர், சின்ன பிளைவுட் பெட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு போதும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். முன் ஸ்பீக்கர்களும் 8 ஓமாக இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் லோடு தாங்க வேண்டும். நெகட்டிவ் முனைகள் உள்ளே ஒன்றாக இல்லாத பிரிட்ஜ் வகையில் முயலவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, ரிசீவர் வாங்க வசதியில்லாத வீடுகள் நம் ஊர்களில் நிறைய. லீவில் போகும்போது ஒரு பள்ளிப் பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு இதைக் கட்டுங்கள். பரீட்சைக்காக நாம் எழுதிய பாடம் அந்தப் பிள்ளைக்குக் காதாலேயே புரிந்துவிடும்.