கொடிய அமிலத்திற்கு ஒரு மாற்று



போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் சில வேளைகளில் 'டக், டக்' எனத் தட்டும். உள்ளே பெட்ரோல் சீராக எரியாமல் தானே வெடித்தெரிவதுதான் காரணம். அத்தட்டலைத் தடுக்கும் திறனை ஆக்டேன் எண்ணால் அளக்கின்றனர்.

ஐசோபியூட்டேனையும் பியூட்டீனையும் இணைத்தால், ஆக்டேன் மிக்க, பென்சீன் கலவாத எரிபொருள் கிடைக்கும். இவ்வினைக்கு ஆல்கைலேற்றம் என்று பெயர். இதற்கு வினையூக்கிகளாக நெடுங்காலம் பயன்பட்டவை அடர் கந்தக அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் ஆகும். முன்னது ஏராளமான கழிவமிலத்தை விடுகிறது. பின்னது ஆவியாகப் பரவித் தோலையும் நுரையீரலையும் துளைக்கும். 2019 ஜூன் 21இல் பிலடெல்பியா சுத்திகரிப்பு ஆலைத் தீவிபத்தில் ஏறத்தாழ 2,400 கிலோ கசிந்தது. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை.

இதற்கு மாற்றாக வந்ததே அயனித் திரவம். அது ஓர் உப்பு. சமையல் உப்பு உருக 801 பாகை வெப்பம் வேண்டும்; அயனித் திரவமோ 100 பாகைக்குக் கீழேயே திரவமாகிவிடும். 1914இல் பால் வால்டன் 12 பாகையில் உருகும் உப்பொன்றை அறிவித்தார். இவ்வகைத் திரவம் எளிதில் ஆவியாகாது. ஆதலின் நச்சு மேகமாக ஊருக்குள் புகாது. அலுமினியம் குளோரைடு சேர்ந்த அயனித் திரவத்தைச் சீனா முதலில் ஆலையளவில் பயன்படுத்தியது. 2021இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் செவ்ரான் ஆலையும், ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை விடுத்து இம்முறைக்கு மாறியது.

எனினும், 'பசுமை' என்ற பெயரைக் கேட்டு மயங்கலாகாது. நீர் பட்டால் இத்திரவமும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடும். ஆபத்து குறைந்ததேயன்றி ஒழிந்துவிடவில்லை.

இதை இம்மேடையில் ஏன் பேசுகிறோம்? நம் மலைக்கு வடக்கே வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும், தோல் தொழிற்சாலைகளின் சுண்ணாம்புத் தொட்டிகளில் நின்று கைகால் வெந்தவர்களுள் நம் மக்கள் எத்தனை பேர்! 1984இல் போபாலில் நச்சுவாயு முதலில் புகுந்ததும் ஆலைச் சுவரையொட்டிய ஏழைகளின் குடிசைகளுக்குள்தான். கொடிய பொருளின் அருகே நிற்பவர் எப்போதும் எளியவரே. 'இதற்கு மாற்று உண்டா?' என்று ஆய்வுக்கூடத்தில் கேட்பவருள் அவ்வெளியவரின் பிள்ளை இருந்தானா?

இளைஞர்களே, வேதியியலைக் கடினமென்று ஒதுக்காதீர்கள். தொட்டியில் நின்றவரின் மகனும் மகளும் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நாளே, இச்சங்கத்தின் உண்மையான வெள்ளிவிழா.