வாலில் எழுதியிருக்கும் பெயர்

பூண்டுலோயாவிலிருந்தும் ரம்பொடையிலிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, இன்று இந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே!

என்னை அறிமுகப்படுத்திய ஆசிரியர், வானத்தைத் தொட்டவன் என்று என்னைப் பற்றிச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்வது சாமான் ஏற்றி இறக்கும் தொழில். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் சரக்கு விமானத்தில் விமானி. ஓர் இரவு கென்யாவிலிருந்து ரோஜாப்பூ, மறு இரவு ஹொங்கொங்கிலிருந்து கைத்தொலைபேசி, சில நாட்களில் பந்தயக் குதிரை. குதிரை ஏறினால் அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூட வருவார். எங்களுக்குக் கிடைக்கும் பயணி அவர்தான்.

நாங்கள் ஓட்டும் வகை விமானம் நூறு டொன்னுக்கு மேல் தூக்கும். உலக வியாபாரத்தில் அளவைப் பார்த்தால் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாயத்தில் போவதில்லை. பெறுமதியைப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில்தான் போகிறது. ஊருக்கு வரும்போதெல்லாம் "நம்ம தேயிலையையும் நீதான் கொண்டு போறியா?" என்று கேட்கிறார்கள். இல்லை, தேயிலை கப்பலில் போகிறது. அதற்கு அவசரம் கிடையாது, பறிக்கிறவர்களுக்குத்தான் அவசரம்.

உங்களில் விமானியாகப் போகிறவர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மண்டபத்தில் பாதிப் பேராவது கட்டாரிலோ டுபாயிலோ மாலைதீவிலோ ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். கணக்காளராக, தாதியாக, ஹோட்டல் ஊழியராக, கணினி ஆளாக. அதனால் கனவைப் பற்றிப் பேச வேண்டியதை அடுத்த பேச்சாளருக்கு விட்டுவிட்டு, நான் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் யாருக்கு வேலை செய்யப் போகிறீர்கள்?

அந்தக் கேள்விக்கு ஒரு பழைய விபத்தின் வழியாக வருகிறேன். ஹட்டனுக்கு அப்பால் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போனவர்களுக்கு ஏழு கன்னியர் மலையைத் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குப் பிறகு அந்த மலையில் ஒரு டி.சி.-8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, இடையில் கட்டுநாயக்கவில் இறங்க வந்த விமானம். 182 யாத்திரிகர், 9 ஊழியர், மொத்தம் 191 பேர். ஒருவரும் தப்பவில்லை. இலங்கையில் நடந்த விமான விபத்துகளில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. அந்த இருட்டில் மலைக்கு முதலில் ஏறியவர்களில் தோட்டத்துச் சனமும் இருந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நோர்ட்டனில் அதற்கொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள்.

அந்த விமானம் யாருடையது? நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் கம்பனியுடையது. யாருக்காகப் பறந்தது? இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக, வாடகைக்கு. விமானிகள் ஒல்லாந்தர், பயணிகள் ஜாவாக்காரர், இறங்க வேண்டிய இடம் எங்கள் நாடு, மோதியது எங்கள் மலை. விமானிகள் தங்களுடைய இடத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்றது விசாரணை. கட்டுநாயக்கவை நெருங்கிவிட்டோம் என்று நினைத்து உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். உண்மையில் விமான நிலையம் இன்னும் நாற்பது கடல் மைல் தள்ளி இருந்தது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியதால் வந்த பிசகாக இருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கருத்து. டொப்ளர் கருவி, தரைக்கு மேல் எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் போகிறோம் என்பதை வைத்து வந்த தூரத்தைக் கணக்குப் போடும். நீண்ட கடல் பயணத்தில் சின்னப் பிழையும் சேர்ந்து சேர்ந்து வளரும்.

இதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் முதலாம் திகதி, அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே இன்னொரு விமானம் இதே மாதிரி மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அந்த மாதத்திலேயே, தரை நெருங்கினால் சத்தம் போட்டு எச்சரிக்கும் கருவியைப் பெரிய விமானங்களில் கட்டாயமாகப் பூட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது. இப்போது நாங்கள் ஓட்டும் விமானங்களில் உலகத்து மலைகளெல்லாம் கணினியில் பதிந்திருக்கின்றன. தாழப் பறந்தால் ஏழு கன்னியர் மலை திரையில் மஞ்சளாகவும் சிவப்பாகவும் எழுந்து நிற்கும். கட்டுநாயக்கவுக்கு வரும்போது எனக்கு அந்தத் திரை வேண்டியதில்லை, மலை எங்கே இருக்கிறது என்று என் உடம்புக்கே தெரியும். ஆனால் வேறொரு நாட்டில், நான் பிறக்காத மலைகளுக்கு நடுவே இரவில் இறங்கும்போது நானும் அந்த ஒல்லாந்தர் மாதிரித்தான். அங்கே மலையின் பெயர் தெரிந்தவர்கள் கீழே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கீழே தூங்குகிறவர்கள் என்று சும்மா சொல்லவில்லை. 2017 ஜனவரி 16ஆம் திகதி கிர்கிஸ்தானின் பிஷ்கேக் நகரில் பனிமூட்டத்தில் இறங்க வந்த துருக்கிய சரக்கு விமானம் ஒன்று, சரியான சரிவுப் பாதைக்கு மேலேயே வந்து, ஓடுபாதையைத் தாண்டி, பக்கத்துக் கிராமத்து வீடுகளின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் விமானத்தில் நான்கு பேர். வீடுகளில் 35 பேர்.

1974க்குத் திரும்புகிறேன். நான்கு வருடம் கழித்து, 1978 நவம்பர் 15ஆம் திகதி, அதே கருடாவுக்காக வாடகைக்குப் பறந்த ஐஸ்லாந்துக் கம்பனியின் டி.சி.-8, ஜித்தாவிலிருந்து திரும்பும் வழியில் கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டாமல் விழுந்தது. 183 பேர் போனார்கள். மார்ட்டின் எயார் பின்னாளில், 2011இல், பயணிகள் சேவையை நிறுத்திவிட்டு முழுக்கச் சரக்குக் கம்பனியாகிவிட்டது. விமானத்தையும் ஆளையும் பராமரிப்பையும் காப்புறுதியையும் ஒரு பொதியாகக் கட்டி இன்னொருவருக்கு வாடகைக்கு விடும் அந்த ஏற்பாடு இன்று சரக்குத் தொழிலில் அன்றாட வழக்கம். 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அதிகாலை ஹொங்கொங்கில் ஒரு போயிங் 747 சரக்கு விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, ரோந்து வாகனம் ஒன்றை மோதிக் கடலுக்குள் போனது. விமானத்தில் இருந்த நான்கு பேரும் பிழைத்தார்கள். வாகனத்தில் இருந்த விமான நிலையக் காவலர் இருவர் இறந்தார்கள். பயண இலக்கம் எமிரேட்ஸுடையது. விமானமும் ஓட்டியவர்களும் ஒரு துருக்கியக் கம்பனியைச் சேர்ந்தவர்கள். செய்தித் தலைப்புகளில் எந்தப் பெயர் வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும்.

இனி ஒப்பந்தக் காகிதத்துக்கு வருவோம். என் சகவிமானி ஒருவர் வைத்திருந்த ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்தேன். விமானம் ஒரு நாட்டில் பதிவு. கம்பனியின் தலைமையகம் இன்னொரு நாட்டில். ஒப்பந்தம் செய்திருப்பதோ கம்பனியோடு இல்லை, ஏதோ ஒரு தீவில் பதிவான முகவர் நிறுவனத்தோடு. அந்தத் தாளின்படி அவர் யாருடைய ஊழியரும் இல்லை, சுயதொழில் செய்பவர். சம்பளம் பிந்தியபோது கம்பனி முகவரைக் கேள் என்றது. கம்பனி இன்னும் காசு தரவில்லை என்றார் முகவர். மூன்றாவதாக யாரைக் கேட்பது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கவில்லை.

இதைக் கேட்கும்போது இங்கே உட்கார்ந்திருக்கும் தாத்தாமாருக்கு ஏதோ ஞாபகம் வரவேண்டும். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் ஆட்கள் கடல் கடந்து வந்தபோது வேலை தோட்டத்துக்கு, கடன் கங்காணிக்கு. வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் முற்பணமாகக் கணக்கில் ஏறியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் ஆளோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்கு நடக்கும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்று ஒரு விமானி புதுக் கம்பனியில் சேர்ந்தால், குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் பயிற்சிக்குக் கம்பனி செலவழிக்கிறது. பதிலுக்குப் பிணைமுறி ஒன்றில் கையெழுத்து. இத்தனை வருடத்துக்குள் விலகினால் இத்தனை ஆயிரம் டொலர் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் இருக்கிறார், கட்ட முடிந்தவரைப் புதுக் கம்பனி மீட்டுக்கொண்டு போகிறது. எங்கள் சம்பளத்தையும் அந்த மனிதர்கள் பட்ட பாட்டையும் பக்கத்தில் வைப்பதற்கே எனக்குக் கூசுகிறது. ஹோட்டல் அறையில் படுத்து எழும் நான், அட்டைக்கடியில் நடந்து வந்த கொள்ளுப்பாட்டனோடு என்னை ஒப்பிட வரவில்லை. ஆனாலும் அந்தக் காகிதத்தின் கணக்கு ஒன்றுதான். அதைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்ளும் தகுதி உலகத்தில் யாருக்காவது இருக்குமென்றால் அது நமக்குத்தான்.

1944இல் சிகாகோவில் எழுதப்பட்ட உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு இன்றும் அதுதான் அடிப்படை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நாட்டின் தேசியம் உண்டு, பதிவு செய்த நாடே அதன் நாடு, ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிய முடியாது என்று அதில் இருக்கிறது. நாலு வருடம் கழித்து, 1948இல், இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஓர் இரும்புக் கூட்டுக்கு நாடு உண்டு; இந்த மலையில் பிறந்த நம் ஆட்களுக்கு இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று. இங்கே மிஞ்சியிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. உங்கள் கையிலிருக்கும் கடவுச்சீட்டின் வயதை இந்தத் திகதிகளோடு வைத்துப் பாருங்கள். அதை வெளிநாட்டில் எந்த முதலாளி கேட்டாலும் பெட்டியில் வைக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

நித்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சரக்கு இரவில்தான் பறக்கும். பகலில் தொழிற்சாலை பொதி கட்டும், மாலையில் லொறி வரும், நள்ளிரவில் நாங்கள் கிளம்புவோம். அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை மனித உடம்பு எதற்கும் லாயக்கில்லை என்பது மருத்துவம் சொல்வது. 2011இல் அமெரிக்கா விமானிகளின் ஓய்வு நேரத்துக்குப் புது விதிகள் போட்டபோது சரக்கு விமானிகளை அதிலிருந்து விலக்கிவிட்டது, செலவு கூடும் என்று. பெட்டிக்கு நித்திரை தேவையில்லை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. 2013 ஓகஸ்ட் 14ஆம் திகதி விடிவதற்கு முன் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் யு.பி.எஸ். சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். காரணங்களில் களைப்பும் ஒன்று என்றது விசாரணை. "எனக்குக் களைப்பாக இருக்கிறது, இன்று ஓட்ட மாட்டேன்" என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற, அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத வெளிநாட்டு விமானிக்கு அந்த வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். சொன்னால் யார் கேட்பார், கேட்டவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் அது வெளியே வரும்.

சேமலாப நிதி விஷயமும் அப்படித்தான். கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்குச் சட்டப்படி சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். முகவர் மூலம் பறக்கும் கப்டன் ஒருவருக்கு இதில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். எங்கள் மருத்துவச் சான்றிதழ் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, அறுபதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அறுபத்தைந்தோடு சர்வதேச சேவை முடிந்தது. இடையில் இருதயம் தவறித் துடித்தால் அன்றோடு தொழில் போகலாம். அதற்குக் காப்புறுதி யார் கட்டுவது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விமானிக்கு மட்டும் சொல்லவில்லை. தாதிக்கு முதுகு போகும், சமையல்காரருக்குக் கை போகும்.

கொத்மலைக்காரருக்கு வெளிநாட்டு ஒப்பந்தக்காரர் புதிதில்லை. 1979க்கும் 1985க்கும் இடையில் சுவீடன் உதவியோடு இங்கே அணை எழுந்தது. வந்தவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பிப் போகும் பயணச்சீட்டுக்கு யார் காசு கொடுப்பது என்று அவர்கள் வரும் முன்பே பேசி முடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்களும் பேசுங்கள். பேசியதை எழுத்தில் வாங்குங்கள். வாசித்து விளங்காத வரியைத் தமிழில் விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியுங்கள். ஒரு பிரதியை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர் தகரப்பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் கையில் சான்றிதழ் வரும். வீட்டில் ஆசைப்பட்டு ஹட்டன் டவுனில் கொண்டுபோய் உடனே லெமினேட் பண்ணிவிடுவார்கள். பண்ண விடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அதை அத்தாட்சிப்படுத்த வேண்டி வரும், பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை பிடிக்காது. ஒரு கோப்புறை வாங்கிப் போடுங்கள். சுவரில் மாட்டப் போட்டோ பிரதி போதும்.