பிணைக் கையெழுத்து சாட்சிக் கையெழுத்து அல்ல

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, பிரசவச் சகாயம் பற்றியெல்லாம் நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

“சும்மா ஒரு சைன்தான் அண்ணே, ரெண்டு ஆள் வேணும்னு கேக்குறாங்க.” இப்படித்தான் கேட்பார்கள். மச்சான் கேட்பான், பக்கத்துக் காம்பராக்காரர் கேட்பார், கூட மலைக்குப் போகிறவர் கேட்பார். ஒரே லயத்தில் இருந்துகொண்டு முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. ஆள் நல்லவர் என்று சாட்சி சொல்வதாக நினைத்துக் கையெழுத்து வைக்கிறோம். அது சாட்சி அல்ல. “அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்” என்று நாம் கொடுக்கும் வாக்கு.

இரண்டு பேர் பிணை நின்றால் ஆளுக்குப் பாதி என்றும் நினைக்கிறோம். பெரும்பாலான படிவங்களில் “கூட்டாகவும் தனித்தனியாகவும்” பொறுப்பு என்றே இருக்கும். அப்படியானால் முழுத்தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம். “முதலில் கடன் எடுத்தவரிடம் வாங்கு” என்று சொல்லும் உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும் அதே படிவத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

லீசிங்கில் எடுத்த முச்சக்கர வண்டியைக் கம்பனி தூக்கிக்கொண்டு போனால் கடன் முடிந்துவிடாது. வண்டியை விற்ற காசு பாக்கிக்குப் போதாவிட்டால், மீதியைப் பிணையாளரிடமும் கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 13,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அது பத்து நாள் பேராக இருந்தது. கழிவுகள் போவதற்கு முன்பே பல நாள் உழைப்பு இன்னொருவர் கடனுக்குப் போகிறது. தாமத வட்டி வேறு ஏறும். நாம் பிணை நின்ற கடன் கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது ‘கிரிப்’பில், நம் பெயரிலும் பதிவாகும். நாளை பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ நாமே கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கலாம்.

பெண்கள் குழுவாக எடுக்கும் நுண்கடனிலும் இதே கதைதான். ஒருத்தி கட்டாத வாரம் மற்றவர்கள் தலையில் விழுகிறது.

ஆகவே, கையெழுத்துக்கு முன் சிலவற்றைச் செய்வோம். தொகை, வட்டி, தவணை எத்தனை என்று கேட்போம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்கவே கூடாது. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், தமிழில் வாசித்துச் சொல்லக்கூடிய நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுவோம். பிரதி ஒன்றை வாங்கி வைப்போம். வீட்டில் புருஷன் பெண்சாதி இருவரும் கலந்து பேசுவோம். “அவர் ஒரு சதமும் கட்டாவிட்டால் எங்களால் கட்ட முடியுமா?” என்ற கேள்விக்கு முடியும் என்று பதில் வந்தால் மட்டும் பேனாவை எடுப்போம்.

ஏற்கனவே கையெழுத்து வைத்தவர்கள் பயப்பட வேண்டாம், ஒளியவும் வேண்டாம். கடிதம் வந்தால் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். நீதிமன்ற அழைப்பாணைக்குப் போகாவிட்டால், நம் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடலாம். உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், சட்ட உதவி ஆணைக்குழுவிலும் ஆலோசனை கேட்கலாம். நாம் கட்டிய பணத்தைக் கடன் எடுத்தவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதனால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

பிணை கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவணை தவறப்போகிறது என்றால், கம்பனிக்காரன் சொல்லுமுன் நீங்களே போய்ப் பிணையாளரிடம் சொல்லுங்கள். இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவது பெரும்பாலும் காசால் மட்டுமல்ல, மறைத்ததால்தான்.

முடியாது என்று சொல்வது பகை அல்ல. கையில் 5,000 ரூபா இருந்தால் அதைக் கைமாற்றாகக் கொடுத்து உதவுங்கள். போனாலும் அதோடு போகும். தாங்க முடியாத கடனுக்குக் கையெழுத்து வைத்தால், உதவி கேட்டவரோடு உதவியவரும் விழுவார்.

கையெழுத்து வைக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், “சங்கத்தில் காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். அதற்குத்தான் சங்கம் இருக்கிறது.